'ஆந்திர வகை' அச்சம் முதல் ஜே.என்.1 வரை: கொரோனா உருமாற்றத்தைக் கண்காணித்த ஹைதராபாத்

கொரோனா வைரஸின் புதிய திரிபுகள் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றில் எது ஆபத்தானது என்பதை அறிவியலாளர்கள் எப்படிக் கண்டறிகின்றனர் என்பதை இந்தச் செய்தித் தொகுப்பு விளக்குகிறது.

ஜீடிமெட்லா (ஹைதராபாத்): ஹைதராபாத்தின் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் மருந்து, வேதிப்பொருள், பொறியியல் எனப் பல வகைத் தொழிற்கூடங்கள் இயங்குகின்றன. பிற மாநிலங்களில் இருந்து வந்து இங்கு பணிபுரியும் தொழிலாளர்களும் ஏராளம். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் ஏற்பட்டு, மருந்துக் கடையில் வாங்கிய பரிசோதனைக் கருவியில் இரண்டு கோடுகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கொரோனா என்பதை அந்தக் கோடுகள் சொல்லிவிடும். ஆனால், அவரைத் தொற்றியிருப்பது எந்தத் திரிபு என்பதைச் சொல்லாது.

அதனை அறிய, வைரஸின் மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். அந்தப் பணியைச் செய்யும் நாட்டின் முதன்மையான ஆய்வகங்களுள் ஒன்றான செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் (சிசிஎம்பி) இதே நகரின் கிழக்குப் பகுதியான ஹப்சிகுடாவில் அமைந்துள்ளது.

வைரஸ் ஏன் உருமாறுகிறது?

கொரோனா வைரஸின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. இழையாகும். மனித செல்லுக்குள் நுழையும் வைரஸ், இந்த இழையை மீண்டும் மீண்டும் படியெடுத்துப் பெருகுகிறது. அவ்வாறு படியெடுக்கும்போது சில எழுத்துகள் பிழையாகிவிடுகின்றன. பிழைகளைத் திருத்தும் நொதி ஒன்று இந்த வைரஸிடம் இருந்தபோதிலும், சில பிழைகள் அதன் பார்வைக்குத் தப்பிவிடுகின்றன. ஒரு மரபுவழியில் மாதத்திற்குச் சுமார் 2 மாற்றங்கள் நிலைபெறுவதாகப் பெருந்தொற்றின் தொடக்கத்தில் கணக்கிடப்பட்டது.

இவற்றில் பெரும்பாலானவை எவ்வித விளைவையும் ஏற்படுத்துவதில்லை. சில மாற்றங்கள் வைரஸுக்கே கேடாக முடிந்து, அதனுடன் மறைந்துவிடுகின்றன. மிகச் சிலவே, செல்லுடன் உறுதியாக ஒட்டிக்கொள்வதற்கோ, உடலின் எதிர்ப்பாற்றலிடம் இருந்து தப்புவதற்கோ உதவுகின்றன. அத்தகைய மாற்றம் பெற்ற வைரஸ்கள் மற்றவற்றை விட வேகமாகப் பரவி, அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வைரஸ் எதையும் திட்டமிட்டு மாறுவதில்லை; பரவும் வாய்ப்பு எவ்வளவு அதிகமோ, பிழைகள் நேர்வதற்கான வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.

தெற்கில் தோன்றி மறைந்த ஏ3ஐ:

2020 ஜூன் மாதம், அப்போதைய இயக்குநர் ராகேஷ் மிஸ்ரா தலைமையிலான சிசிஎம்பி, இந்தியாவில் தனித்த மரபணு அடையாளம் கொண்ட கொரோனா கிளை ஒன்று பரவி வருவதாக அறிவித்தது. 'ஏ3ஐ' எனப் பெயரிடப்பட்ட அந்தக் கிளை, அதுவரை பகுப்பாய்வு செய்யப்பட்ட இந்திய மாதிரிகளில் 41 சதவீதத்தில் காணப்பட்டது. தமிழ்நாடு, தெலங்கானா, மகாராஷ்டிரா, டெல்லி ஆகிய மாநிலங்களில் அது பரவலாக இருந்தது.

ஆனால், அதன் ஆதிக்கம் நீடிக்கவில்லை. ஸ்பைக் புரதத்தின் 614ஆவது இடத்தில் மாற்றம் பெற்ற 'டி614ஜி' வகை உலகெங்கும் வேகமாகப் பரவியபோது, ஏ3ஐ படிப்படியாக மறைந்தது. ஓரிடத்தில் முதலில் வந்து சேர்ந்ததாலேயே ஒரு வகை அதிகம் காணப்படலாம். அதுவே அதன் வலிமைக்குச் சான்றாகாது என்பதை இது உணர்த்தியது.

'ஆந்திர வகை' எழுப்பிய அச்சம்:

இந்தப் பாடம் அடுத்த ஆண்டே தேவைப்பட்டது. 2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில், 'என்440கே' என்ற மாற்றம் கொண்ட கொரோனா வகை மற்றவற்றை விடப் பன்மடங்கு வீரியமானது என்ற செய்தி பரவியது. ஊடகங்கள் அதனை 'ஆந்திர வகை' என அழைத்தன. ஆந்திரா மற்றும் தெலங்கானாவில் இருந்து வருவோர் 14 நாட்கள் தனிமைப்படுத்தப்பட வேண்டும் என டெல்லி அரசு உத்தரவிட்டது. பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் செல்வோருக்கு, சொந்த ஊரின் பெயரே தடையாக மாறியது.

அந்த வகை ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட செல்களில் கூடுதலாகப் பெருகியது உண்மையே. ஆயினும், நோயாளிகளின் மாதிரிகள் வேறொன்றைக் காட்டின. என்440கே மாற்றம் புதியதன்று. 2020ஆம் ஆண்டிலேயே தென் மாநிலங்களில் காணப்பட்டது. மேலும், அதன் பங்கு குறைந்து வருகிறது எனச் சிசிஎம்பி விஞ்ஞானிகள் விளக்கமளித்தனர். அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது மகாராஷ்டிராவில் முதலில் கண்டறியப்பட்ட பி.1.617 குடும்பமாகும். அதன் ஒரு கிளைக்கே உலக சுகாதார அமைப்பு 2021 மே 31 அன்று 'டெல்டா' எனப் பெயரிட்டது. ஊர்ப் பெயர்களால் எவரும் இழிவுபடுத்தப்படக் கூடாது என்பதற்காகவே கிரேக்க எழுத்துகளைப் பயன்படுத்தும் இம்முறை கொண்டுவரப்பட்டது.

ஒமைக்ரானும் அதன் வாரிசுகளும்:

2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் இருந்து அறிவிக்கப்பட்ட ஒமைக்ரான், ஸ்பைக் புரதத்தில் மட்டும் 30க்கும் மேற்பட்ட மாற்றங்களைக் கொண்டிருந்தது. அதன் உட்பிரிவான பி.ஏ.4, 2022 மே மாதம் ஹைதராபாத் விமான நிலையத்திற்கு வந்த பயணி ஒருவரின் மாதிரியில் கண்டறியப்பட்டது. அதனைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலும் ஒருவரிடம் அது உறுதியானது.

எழுத்துப் பிழை மட்டுமே உருமாற்றத்திற்கான வழி அன்று. ஒரே நபரை இரு வகை வைரஸ்கள் ஒருசேரத் தொற்றும்போது, அவற்றின் மரபணுத் துண்டுகள் கலந்து புதிய வகை தோன்றலாம். 2022இல் வெளிப்பட்ட எக்ஸ்.பி.பி. இவ்வாறு இரண்டு ஒமைக்ரான் கிளைகள் இணைந்து உருவானதாகும். 2023 டிசம்பரில் கேரளாவில் கண்டறியப்பட்ட ஜே.என்.1, பி.ஏ.2.86 என்ற கிளையின் வாரிசு. ஸ்பைக் புரதத்தின் 455ஆவது இடத்தில் ஏற்பட்ட ஒரே ஒரு கூடுதல் மாற்றம், அது எதிர்ப்பாற்றலிடம் இருந்து மேலும் தப்ப உதவியது. அதே மரபில் வந்த என்.பி.1.8.1 வகை 2025இல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட மாதிரி ஒன்றில் கண்டறியப்பட்டது.

கழிவுநீர் சொல்லும் செய்தி:

திரிபுகளைக் கண்காணிக்க, 2020 டிசம்பரில் 10 ஆய்வகங்களுடன் 'இன்சாகாக்' என்ற தேசியக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. தொற்று உறுதியான மாதிரிகளில் 5 சதவீதத்தைப் பகுப்பாய்வு செய்வது அதன் இலக்காக இருந்தது. இரண்டாம் அலைக்கு முந்தைய மாதங்களில் அந்த இலக்கு எட்டப்படவில்லை. தற்போதுள்ள சிக்கல் வேறு: வீட்டிலேயே பரிசோதித்துக்கொள்வோரின் மாதிரியும், பரிசோதனையே செய்துகொள்ளாதோரின் மாதிரியும் எந்த ஆய்வகத்தையும் சென்றடைவதில்லை.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடியது கழிவுநீர்ப் பரிசோதனை. தொற்றுக்குள்ளானோரின் மலத்தில் வைரஸின் மரபணுத் துண்டுகள் வெளியேறுகின்றன. அதனை அடிப்படையாகக் கொண்டு, சிசிஎம்பி மற்றும் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை 2020 ஆகஸ்டில் ஹைதராபாத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் மாதிரிகளைச் சேகரித்தன. நகரில் சுமார் 6.6 லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் ஏறத்தாழ 6 சதவீதத்தினர் தொற்றுக்குள்ளாகியிருக்கக்கூடும் என அந்த ஆய்வு மதிப்பிட்டது. அப்போது தெலங்கானா முழுவதிலும் பரிசோதனையில் உறுதியானோரின் எண்ணிக்கை ஒரு லட்சத்தை ஒட்டியே இருந்தது.

இந்நகருக்கு இம்முறை புதிதும் அன்று. 2016இல் ஹைதராபாத் அம்பர்பேட்டில் சேகரிக்கப்பட்ட கழிவுநீரில், தடுப்பு மருந்தில் இருந்து உருமாறிய போலியோ வைரஸ் கண்டறியப்பட்டது. ஒரு குழந்தைக்குக்கூடப் பாதிப்பு ஏற்படாத நிலையிலேயே, சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி செலுத்தும் சிறப்பு முகாம் நடத்தப்பட்டது.

பொதுமக்கள் கவனிக்க வேண்டியது என்ன?

கொரோனாவுக்கான சர்வதேச சுகாதார அவசரநிலை 2023 மே 5 அன்று முடிவுக்கு வந்துவிட்டது. எனினும், வைரஸின் உருமாற்றம் தொடர்கிறது. புதிய திரிபு குறித்த செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். நோயாளிகளின் மாதிரிகளில் அதன் பங்கு வாரந்தோறும் அதிகரிக்கிறதா? மருத்துவமனையில் சேர்க்கப்படுவோரின் எண்ணிக்கை உயர்கிறதா? 'வீரியமானது' என்ற முடிவு ஆய்வகச் செல்களில் கண்டதா, மனிதர்களிடையே கண்டதா?

முதியோரும், நீரிழிவு, இதய நோய் போன்ற இணை நோய் உள்ளோரும் காய்ச்சல், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் மருத்துவமனைக்குச் சென்று பரிசோதித்துக்கொள்வது அவர்களின் சிகிச்சைக்கு உதவும். ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையில் தொற்று உறுதியாகும் மாதிரியையே ஆய்வகங்களால் மரபணுப் பகுப்பாய்வுக்கு எடுத்துக்கொள்ள இயலும் என்பது குறிப்பிடத்தக்கது.