பெயர் சொல்லி அழைக்கும் பார்வை



அந்நிய நாடொன்றின் வீதியிலே நடந்து செல்கையில், எதிரே வருவோர் நின்று உற்றுநோக்கும் அனுபவம் எப்படிப்பட்டது என்று புலம்பெயர்ந்து வாழும் உங்கள் பிள்ளைகளிடமோ சகோதரர்களிடமோ கேட்டுப் பாருங்கள். “எவரும் ஏசவில்லை, எவரும் அடிக்கவில்லை, ஆனாலும் அந்தப் பார்வை சுட்டது” என்பார்கள். தீங்கு நினையாத பார்வை ஏன் சுடவேண்டும்?

இக்கேள்விக்கு விடை தரும் ஊர் ஒன்று சுவிற்சர்லாந்தில் உண்டு. வலே மாநிலத்தில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற லொய்கர்பாட் என்னும் மலைக்கிராமமே அது. கத்தோலிக்கர் வாழ்ந்த அக்கிராமத்திற்கு 1951ஆம் ஆண்டு வந்து தங்கினார் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் போதகர் ஒருவரின் வீட்டில் வளர்ந்து, பதின்ம வயதிலேயே பிரசங்க மேடை ஏறியவர் அவர். தமக்கு முன் கறுப்பினத்தவர் எவரும் அவ்வூரில் கால் வைத்ததாகத் தெரியவில்லை என்று அவர் எழுதுகிறார்.

தம் அனுபவத்தை அவர் 1953இல் கட்டுரையாக வெளியிட்டார். சிறுவர் அவரது நிறத்தைச் சொல்லிக் கூவினர். சிலர் அவரது தலைமுடியைத் தொட்டுப் பார்த்தனர். சிலர் நிறம் உரிந்து வருமோ என்று கையைத் தேய்த்துப் பார்த்தனர். அவர் புன்னகைத்தபோதோ, அவரது பற்களே அவர்களுக்கு இன்னுமொரு புதுமையாயின. அவரது பெயரை ஊரே அறிந்திருந்தது. ஆயினும் அப்பெயரைச் சொல்லி அழைத்தவர் மிகச் சிலரே.

இத்தனைக்கும் அம்மக்கள் கல்நெஞ்சர் அல்லர். ஆலயத்தில் ஆபிரிக்க மறைபரப்புப் பணிக்கென உண்டியல் வைத்திருந்தார்கள். தவக்காலத்திற்கு முந்திய களியாட்ட நாட்களில் சிறுவர் இருவர் முகத்தில் கருமை பூசி, குதிரைமயிர்ப் பொய்முடி அணிந்து அதே பணிக்காகக் காசு சேர்ப்பார்கள். அந்தக் காணிக்கையால் சென்ற ஆண்டு ஆறு அல்லது எட்டு ஆபிரிக்கரை ‘வாங்கினோம்’ என்று உணவகக்காரர் ஒருவரின் மனைவி போல்ட்வினிடமே பெருமையோடு சொன்னார். தொலைவிலிருந்த ஆபிரிக்கருக்காக உண்டியலில் காசு விழுந்தது. அருகில் வந்து நின்றவரோ வேடிக்கைப் பொருளானார்.

இதே நாட்டின் ஐன்சீடல்ன் திருத்தலத்தில் கருநிற அன்னை மரியாளின் திருச்சுரூபம் பல நூற்றாண்டுகளாக வணங்கப்படுகிறது. 1798இல் பிரெஞ்சுப் படைகள் நுழைந்தபோது அது மறைத்து எடுத்துச் செல்லப்பட்டது. பின்னர் ஒஸ்திரியாவில் புதுப்பிக்கப்பட்டபோது மெழுகுதிரிப் புகையின் கருமை நீங்கிற்று. வெளிறிய முகத்தை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்பதால் மீண்டும் கருநிறம் பூசப்பட்டது. 1983ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் அந்நாட்டில் தஞ்சம் புகுந்த எம்மவர், கத்தோலிக்கரும் சைவருமாக, அந்த அன்னையை நாடிச் செல்கின்றனர். பீடத்தில் இருக்கும் கருமுகத்தை நேசிப்பது எளிது; வீதியில் எதிர்ப்படும் கருமுகத்தை அயலவராக ஏற்பதே அரிது.

அப்படியாயின் அந்தப் பார்வையிலே குறைந்தது என்ன? லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எரிக்கோ மக்களின் கண்ணுக்குச் சக்கேயு வரிதண்டுவோன், பாவி, அவ்வளவே. இயேசு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்; பெயர் சொல்லி அழைத்தார்; அன்று அவன் வீட்டில் தங்கப்போவதாகச் சொன்னார். ஒருவனை மனிதனாக ஏற்கும் பார்வை இவ்வாறே பெயரைச் சொல்லி, வீடு வரை செல்லும்.

அன்பானவர்களே, உற்றுநோக்கப்படும் வேதனையை எமது குடும்பங்கள் நன்கறியும். ஆனால் உங்கள் மகன் வெளிநாட்டுப் பெண்ணை மணந்து, மடுத் திருவிழாவுக்கு அழைத்து வரும்போது நடப்பதென்ன? பிள்ளைகள் “வெள்ளைக்காரி” என்று கூவிப் பின்தொடர்கிறார்கள். பெரியவர்கள் அவளது கூந்தலையும் குழந்தையின் கன்னத்தையும் தொட்டுப் பார்க்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறோம். லொய்கர்பாட் மக்களும் தீய மனத்தோடு செய்யவில்லையே!

அவளது பெயரைக் கேளுங்கள். அது நாவில் புரளாவிட்டால், புரளும்வரை சொல்லிப் பழகுங்கள். அவளுடைய தாய் தந்தையர் நலமா என்று விசாரியுங்கள். அடுத்த திருவிழாவுக்கு வரும்போது, “வெள்ளைக்கார மருமகள்” என்னாது, அந்தப் பெயரைச் சொல்லியே வாசலில் வரவேற்று உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.