கலைத்தும் கலையாத சீட்டுக்கட்டு

சீட்டாட்டம் தொடங்குமுன் கட்டைக் கலைப்பதும், எதிரில் இருப்பவரை வெட்டச் சொல்வதும் நெடுநாளைய மரபு. எந்தச் சீட்டு யாருக்கு விழும் என்பதை ஒருவரும் முன்கூட்டி அறியக்கூடாது என்பதற்காகவே இவ்வேற்பாடு. இரண்டு மூன்று முறை கலைத்துவிட்டால் போதும் என்பது ஆடுவோர் பலரின் எண்ணம். இந்த எண்ணம் சரியானதா? கண்ணுக்குக் கலைந்ததாகத் தோன்றும் கட்டு உண்மையிலேயே கலைந்ததுதானா? கணித அறிஞர்கள் இவ்வினாவை எடுத்து ஆராய்வதற்கு முன்பே, அதன் விடையைச் செப்படி வித்தைக்காரர்கள் ஓரளவு அறிந்து வைத்திருந்தனர்.

முதலில், ஒரு கட்டை எத்தனை விதமாக அடுக்கலாம் என்பதை அறிதல் வேண்டும். மூன்று சீட்டுகளை 6 விதமாக அடுக்கலாம். நான்கை 24 விதமாகவும், ஐந்தை 120 விதமாகவும் அடுக்கலாம். 52 சீட்டுகளுக்கோ 52, 51, 50 என்று 1 வரையிலும் உள்ள எண்கள் அனைத்தையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். விடை 68 இலக்கங்கள் கொண்ட பேரெண். பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் ஆயின என்பர். அக்காலம் முழுவதையும் விநாடிகளாக மாற்றினாலும் 18 இலக்கங்களே வரும். ஆகவே, நன்றாகக் கலைத்தல் என்றால் இத்துணை வரிசைகளுள் எதுவும் மற்றொன்றைப் போலவே வரக்கூடும் என்ற நிலைக்குக் கட்டைக் கொண்டு வருதல் என்று பொருள். அஃது எளிய செயல் அன்று.

கட்டை இரு பாதியாகப் பிரித்து, விரல் நுனியால் சீட்டுகளை மாற்றி மாற்றி விழச் செய்து பின்னுவது பலரும் அறிந்த முறை. கைதேர்ந்த வித்தைக்காரர் ஒருவர், சரிபாதியாகப் பிரித்து, இப்பாதியில் ஒன்று, அப்பாதியில் ஒன்று எனப் பிசகாமல் பின்னுவதாகக் கொள்வோம். முதற்சீட்டு முதலிலும் கடைசிச் சீட்டு கடைசியிலும் நிற்கும்படி 8 முறை அவ்வாறு பின்னினால், கட்டு பழைய வரிசைக்கே திரும்பிவிடும்! காண்போர் வியந்து நிற்பர். கணிதம் அறிந்தவர் வியக்கமாட்டார்.

காரணம் இதுதான். முதற்சீட்டின் இடத்தை 0 என்றும், கடைசிச் சீட்டின் இடத்தை 51 என்றும் எண்ணுக. ஒரு முறை பின்னும்போது ஒவ்வொரு சீட்டின் இட எண்ணும் இரு மடங்காகிறது. 51-ஐத் தாண்டினால் அதில் 51 கழிகிறது. 8 முறை இரட்டித்தால் 256 மடங்கு. 256 என்பது 51-இன் ஐந்து மடங்கான 255-உடன் ஒன்று கூடியது. ஐந்து மடங்கும் கழிந்து போக, ஒரு மடங்கே எஞ்சுகிறது. அதாவது, ஒவ்வொரு சீட்டும் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேருகிறது.

சாதாரண மனிதர் கலைக்கும்போது இத்தகைய ஒழுங்கு இராது. ஓரிடத்தில் இரண்டு சீட்டுகள் சேர்ந்து விழும். மற்றோரிடத்தில் மூன்று விழும். அப்போதும் ஓர் ஒழுங்கு அழியாமல் நிற்கிறது. கட்டு 1 முதல் 52 வரை வரிசையாக இருந்தது என்று கொண்டால், ஒரு முறை கலைத்தபின் மேற்பாதிச் சீட்டுகள் தம்முள் பழைய முறையிலேயே இருக்கும். கீழ்ப்பாதிச் சீட்டுகளும் அவ்வாறே. இரண்டு சங்கிலிகள் ஒன்றினூடே ஒன்று கலந்து கிடக்கின்றனவே தவிர, எச்சங்கிலியும் குலையவில்லை. இவற்றை ஏறுவரிசைகள் எனலாம். இரண்டாம் முறை கலைத்தால் 4 ஏறுவரிசைகளுக்கு மேல் தோன்றா. மூன்றாம் முறையில் 8-க்கு மேல் தோன்றா.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம்ஸ், ஜார்டன் என்னும் இரு வித்தைக்காரர்கள் இவ்வுண்மையை வைத்தே ஒரு வித்தையை அமைத்தனர். பார்வையாளர் ஒருவர் கட்டை மூன்று முறை கலைக்கிறார். பிறகு மேற்சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு நடுவில் எங்கோ செருகுகிறார். கட்டைத் திரும்பப் பெறும் வித்தைக்காரர், அந்தச் சீட்டைப் பெரும்பாலும் சரியாக எடுத்துக் காட்டிவிடுகிறார். அவர் மனத்தைப் படிக்கவில்லை, ஏறுவரிசைகளைப் படிக்கிறார். எட்டுச் சங்கிலிகள் நீளமாக நிற்க, இடம் மாறிய சீட்டு மட்டும் எதிலும் சேராமல் ஒன்பதாவதாகத் தனித்து நிற்கும்.

அப்படியாயின் எத்தனை முறை கலைத்தால் போதும்? ஐந்து முறை போதாது என்பதை ஒரு மாணவனே நிறுவலாம். ஐந்து முறை கலைத்தால் 32 ஏறுவரிசைகளுக்கு மேல் தோன்ற வழியில்லை. கட்டை முழுதும் தலைகீழாக அடுக்கினாலோ 52 ஏறுவரிசைகள் உண்டு. ஆகவே, அவ்வரிசை ஐந்து கலைப்பில் தோன்றவே முடியாது. தோன்றவே முடியாத வரிசை ஒன்று இருந்தாலும் கட்டு நன்றாகக் கலைந்ததாகாது.

முழு விடையை 1992இல் டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர்கள் வெளியிட்டனர். டயகோனிஸ் 14 வயதில் வீட்டைவிட்டு வெளியேறி, டை வெர்னன் என்னும் புகழ்பெற்ற வித்தைக்காரருடன் ஊர் ஊராகச் சென்றவர். பின்னரே கணிதம் பயின்று பேராசிரியரானார். கலையாமையின் அளவை 1 என்றும், முழுக் கலைப்பை 0 என்றும் வைத்து இவ்விருவரும் கணக்கிட்டனர். நான்கு முறை வரையில் அளவு ஏறக்குறைய 1 ஆகவே நிற்கிறது. ஐந்தாம் முறை 0.92, ஆறாம் முறை 0.61, ஏழாம் முறை 0.33. அதன்பின் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பாதியாகத் தேய்கிறது. ஏழு முறை கலைக்க வேண்டும் என்ற வழக்கு இதிலிருந்து பிறந்ததே.

இது விளையாட்டோடு நின்றுவிடும் செய்தியன்று. வியத்நாம் போர்க்காலத்தில், 1969 டிசம்பர் 1 அன்று, அமெரிக்க அரசு கட்டாய இராணுவச் சேவைக்கு இளைஞர்களைப் பிறந்தநாட் சீட்டு எடுத்துத் தேர்ந்தது. 366 நாட்களும் சிறு குப்பிகளில் அடைக்கப்பட்டன. ஜனவரி முதல் மாத வரிசையில் குப்பிகளை இட்டவர்கள் அவற்றைப் போதிய அளவு கலக்கவில்லை. ஆண்டின் இறுதி மாதங்களில் பிறந்தோரின் நாட்களே மிகுதியாக முற்பட வந்தன. முதல் 195 இடங்களில் வந்த நாட்களில் பிறந்தவர்கள் அழைப்புக்கு உள்ளாயினர். டிசம்பரின் 31 நாட்களுள் அதிலிருந்து தப்பியவை 5 மட்டுமே. கலப்பு நேர்மையாக இருந்திருப்பின் ஏறத்தாழ 14 நாட்கள் தப்பியிருக்கும் என எதிர்பார்க்கலாம். வித்தைக்காரரின் மேடையில் கைதட்டல் பெறும் அதே உண்மை, இங்கே இளைஞர் பலரின் வாழ்வைத் திருப்பிவிட்டது. மறு ஆண்டு, நாட்களுக்கு ஒன்றும் எண்களுக்கு ஒன்றுமாக இரு உருளைகள் வைத்து அம்முறை திருத்தப்பட்டது.

பெருக்கலும் மீதியும் அறிந்த மாணவர்களுக்கு ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். சீட்டுக்கட்டும் தேவையில்லை. எட்டுத் துண்டுத் தாள்களில் 1 முதல் 8 வரை எழுதி, சரிபாதியாகப் பிரித்துப் பின்னினால் 1, 5, 2, 6, 3, 7, 4, 8 என்று வரும். மீண்டும் பின்னினால் 1, 3, 5, 7, 2, 4, 6, 8. மூன்றாம் முறை என்ன வரும் என்பதைத் தாள்களைத் தொடுமுன்னரே சொல்லும்படி மாணவரைக் கேட்க வேண்டும்.