டீசல் இரைச்சலும் கணக்கில் வராத காதுகளும்



தைலமரம், சவுக்கு வெட்டும் தோப்புகளில் நம்மை முதலில் எதிர்கொள்வது இரைச்சல். ஒருபுறம் மெஷின் ரம்பம். மறுபுறம் பட்டை உரிக்கும் மெஷினை ஓட்டும் பழைய டீசல் டிராக்டர். டீசல் எஞ்சினுக்குள் எரிபொருள் திடீரெனப் பற்றுவதால் எழுவதே அந்தத் தடதடப்பு. சைலன்சர் துருப்பிடித்து, மூடிகளின் போல்ட் தளர்ந்துவிட்டால் அது தடையின்றி வெளியே வருகிறது. பழைய மெஷின் முதலாளிக்கு மலிவு. மிச்ச விலையைத் தொழிலாளியின் காது கொடுக்கிறது.

கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச முடிகிறதென்றால், சத்தம் ஏறத்தாழ 85 டெசிபலைத் தாண்டிவிட்டது எனக் கொள்ளலாம். அந்த அளவில் ஒரு நாளைக்கு 8 மணி நேரமே எல்லை என்கிறது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம்.

உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது உயர்சுருதி ஒலிகள். அதனால் குரல் கேட்கும், சொல் பிரியாது. ‘பசி’யும் ‘படி’யும் ஒன்றாகிவிடும். ஊர் அவரைக் கவனமில்லாதவர் என்று ஏசும். மரம் சாயும்போது ‘விலகு’ என்ற குரல் எட்டாவிட்டால் உயிரே போகும்.

இது நோய் என்று சட்டத்துக்குத் தெரியும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரைச்சலால் வரும் செவிக்குறைவை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் சேர்த்தது. ஆனால் தோப்பு தொழிற்சாலை அல்ல. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் இதைத் தொழில்நோயாக ஏற்றது. ஆனால் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும் என்றது. ஒப்பந்தக்காரர் மாறி மாறித் தோப்பு தோப்பாகப் போகும் கூலிக்கு அந்த 6 மாதத்தை யார் எழுதித் தருவார்?

இங்கேதான் சாதி வேலை செய்கிறது. முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு மரம் வெட்டிய இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. கடனில் நிற்பவரால் ‘சைலன்சரை மாற்று, பிறகு வேலை செய்கிறேன்’ என்று சொல்ல முடியாது. டன் கணக்கில் கூலி என்றால் காதுக்கு ஓய்வு கொடுப்பதும் கூலி இழப்புதான்.

நாம் கேட்க வேண்டியவை எளியவை. சைலன்சரும் போல்ட்டும் மெஷின் உரிமையாளரின் பொறுப்பு. காதில் பஞ்சு வைப்பது பாதுகாப்பல்ல; காதுக்கவசம் வேண்டும், அதை அணிந்தால் எச்சரிக்கைக்குக் கைச்சைகை வேண்டும். திறந்த வெளியில் எஞ்சினிலிருந்து நிற்கும் தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். நியோஷ் கணக்கில் அது நான்கு மடங்கு நேரம்.

மாணவத் தோழர்கள் உடனே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. எந்தத் தோப்பு, எந்த ஒப்பந்தக்காரர், எத்தனை நாள், எந்த மெஷின் என ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு நோட்டில் எழுதுவோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செவித்திறன் சோதனை செய்து, அந்தத் தாளையும் அதோடு வைப்போம். சட்டம் கேட்கும் சான்றை முதலாளி தரமாட்டார். நாம்தான் திரட்ட வேண்டும்.