இரண்டாவது வில்

ஆய்வுக்கூடத்தில் ஒரு சுருள்வில்லைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் எடை ஒன்றை மாட்டுங்கள். வில் நீள்கிறது. எடையை எடுத்ததும் பழைய நீளத்திற்குத் திரும்பிவிடுகிறது. எடையைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்திற்குப் பின் அது திரும்புவதில்லை. இதனையே மீட்சி எல்லை என்கிறோம்.

மனத்திற்கும் மீள்திறன் உண்டு என்கின்றனர் உளவியல் அறிஞர்கள். தந்தையோ தாயோ குடிக்கு அடிமையான வீட்டில், குழந்தையின் மீது நாள்தோறும் சுமை ஏறுகிறது: இரவுச் சண்டை, பணமுடை, நாளைய பொழுதைப் பற்றிய அச்சம், வெளியே சொல்ல வெட்கம். இக்குழந்தைகள் எல்லோரும் நிலைகுலைந்து போகிறார்களா?

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுள் ஒன்று கவாய். அங்கு 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் 49 பேர் குடிநோயாளிகளின் பிள்ளைகள். 18 வயதிற்குள் இவர்களில் 41 விழுக்காட்டினர் கடுமையான சிக்கல்களுக்கு ஆளாகியிருந்தனர். ஆனால் 59 விழுக்காட்டினருக்கு அந்நிலை ஏற்படவில்லை.

இவர்கள் எஃகினால் ஆனவர்களா? இல்லை. துன்பச் சூழலில் வளர்ந்தும் தலைநிமிர்ந்த பிள்ளைகளுக்கு, நம்பிக்கைக்குரிய ஒருவரேனும் துணையாக இருந்ததை இவ்வாய்வு காட்டியது. அவர் பாட்டியாக இருக்கலாம். அண்டை வீட்டாராகவோ ஆசிரியராகவோ இருக்கலாம்.

இப்போது மீண்டும் ஆய்வுக்கூடத்திற்கு வருவோம். ஒரு வில்லை 4 செ.மீ. நீட்டும் எடையை, அதே போன்ற இரு விற்களைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, இரண்டுக்கும் பொதுவாக மாட்டுங்கள். ஒவ்வொன்றும் 2 செ.மீ. மட்டுமே நீளும். எடை குறையவில்லை; முதல் வில் உறுதியாகிவிடவும் இல்லை. சுமை பகிரப்பட்டது, அவ்வளவுதான்.

குடிக்கு அடிமையாதல் ஒரு நோய். அது பிள்ளையின் குற்றத்தால் வருவதன்று. அதைக் குணப்படுத்துவது பிள்ளையின் பொறுப்பும் அன்று. உங்கள் வீட்டில் இச்சுமை இருக்குமானால், நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். ஒருவர் செவிசாய்க்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான இலவசத் தொலைபேசி உதவியும் உண்டு. உங்கள் நண்பனுக்கு இந்நிலை என்றால், கேலி செய்யாமல் அவன் சொல்வதைக் கேளுங்கள். ஒரு பெரியவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சுருள்வில் தானாக இன்னொரு வில்லைத் துணைக்கு அழைக்க முடியாது. நம்மால் முடியும்.