மவுண்டன் பைக்கில் கியர் மாத்தினா ரோட்டில் வேகம் கூடுமா? செலவுக்கு முன் ஒரு கணக்கு

தடித்த டயர், முன்னால் சஸ்பென்ஷன் என்று பார்க்கவே கம்பீரமாக இருப்பதால், பலர் வாங்கும் முதல் கியர் சைக்கிள் மவுண்டன் பைக்தான். அதை எடுத்துக்கொண்டு ஈசிஆரில் இறங்கினால், ரோடு பைக்குகள் சர்ரென்று தாண்டிப் போகும். ‘எவ்ளோ மிதிச்சாலும் ஓட மாட்டேங்குதே, கியரை மாத்திடலாமா?’ என்ற யோசனை அப்போதுதான் வரும். மாற்றலாம். ஆனால், அதனால் எல்லோருக்கும் வேகம் கூடிவிடாது.

கியர் கணக்கு என்ன?

பெடல் பக்கம் இருக்கும் பல்சக்கரம்தான் செயின்ரிங். அதன் பற்களின் எண்ணிக்கையைப் பின்பக்கப் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்தால், பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்று தெரிந்துவிடும்.

26 அங்குலச் சக்கரமும் 21 கியரும் உள்ள பல சைக்கிள்களில் பெரிய செயின்ரிங்குக்கு 42 பற்கள். பின்னால் உள்ள சிறிய பல்சக்கரத்துக்கு 14 பற்கள். வகுத்தால் 3. சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.07 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 30 கி.மீ. வேகம் வரும். செயின்ரிங்கை 48 பற்களாக மாற்றினால், அதே 80 சுற்றில் 34 கி.மீ. கிடைக்கும்.

அப்புறம் ஏன் யோசிக்கணும்?

புது செயின்ரிங்கிலும் கால் அதே 80 சுற்று மிதித்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். சமதரையில் வேகம் கூடக்கூட முதல் எதிரி காற்று. 25 கி.மீ.யிலிருந்து 30 கி.மீ.க்குப் போக வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது. காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தியோ சுமார் 73 சதவீதம் கூடுகிறது. அந்தச் சக்தி காலிலிருந்துதான் வர வேண்டும். இப்போதே 24 கி.மீ.யைத் தாண்டத் திணறுபவர் 48 போட்டால் பெடல் கனமாகும், முட்டி வலிக்கலாம். வேகம் மட்டும் அப்படியே இருக்கும்.

உங்களுக்குத் தேவையா?

காற்று குறைவான காலையில், சமமான சாலையில் கடைசி கியரில் ஓட்டிப் பாருங்கள். வலது கால் 15 விநாடியில் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி, 4-ஆல் பெருக்குங்கள். 90-ஐத் தாண்டியும் கனமே இல்லாமல் கால் சும்மா சுத்துதுன்னா, கியர் போதவில்லை. 70-லேயே மூச்சு வாங்கினால், பிரச்சினை கியரில் இல்லை.

முதல்ல டயரைப் பாருங்க

முண்டுமுண்டான டயர் தார்ச்சாலையில் நசுங்கி நிமிர்வதிலேயே உங்கள் உழைப்பில் ஒரு பகுதி வீணாகிறது. சக்கர வளையத்துக்குப் பொருந்துமானால், 1.5 அங்குல வழுவழு டயர் போடலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் காற்றைச் சரியாக நிரப்புங்கள். சஸ்பென்ஷனைப் பூட்டும் வசதி இருந்தால், நல்ல சாலையில் பூட்டிவிடுங்கள். பலருக்கு இதுவே போதும்.

மாத்தியே ஆகணும்னா?

* பின்னால் இருப்பது ஃப்ரீவீலா, கேசட்டா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். கேசட்டில் சிறிய பல்சக்கரம் பெரும்பாலும் 11 அல்லது 12 பற்கள்தான். முன்னால் 42 இருந்தால், 48-14 ஜோடியைவிடப் பெரிய கியர் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.
* விலை குறைந்த சைக்கிள்களில் செயின்ரிங்குகளைச் சேர்த்தே அறைந்திருப்பார்கள். தனியாகக் கழற்ற முடியாது. கிராங்க் செட்டையே மாற்ற வேண்டும்.
* பெரிய செயின்ரிங் ஃப்ரேமில் உரசக் கூடாது. முன்பக்க டீரெய்லரைச் சற்று உயர்த்திப் பொருத்த வேண்டும்.
* செயின் நீளம் முக்கியம். நீளம் போதாத செயினில் முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரம் போட்டால், பின்பக்க டீரெய்லரே பிய்ந்துவிடலாம்.
* தேய்ந்த செயினைப் புதுப் பற்களோடு சேர்க்காதீர்கள். அழுத்தி மிதிக்கும்போது நழுவலாம்.

சின்ன செயின்ரிங்கைக் கழற்ற வேண்டாம். ஈசிஆரில் அதற்கு வேலையே இல்லாமல் இருக்கலாம். ஏற்காடு ஏறும் அன்று அதுதான் கைகொடுக்கும்.