என்.டி.ஏ.ல சேர எம்.பி. லெட்டர் வேணுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்கிற திருவண்ணாமலையிலிருந்து (கிரிவலம் ஊர் இல்லங்க, இது வேற) பிளஸ் டூ படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தான்: "அண்ணா, என்.டி.ஏ.ல சேர எம்.பி. லெட்டர் வாங்கணுமாமே?"

வேண்டாம் தம்பி. அது அமெரிக்கக் கதை. அங்க வெஸ்ட் பாயின்ட்ல சேர, பெரும்பாலும் உங்க தொகுதி காங்கிரஸ் உறுப்பினரோ செனட்டரோ பரிந்துரைக்கணும். ஒரு உறுப்பினர் கணக்குல ஒரே நேரத்துல 5 பேர்தான் படிக்கலாம்.

இங்க யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு ரெண்டு தடவை தேர்வு வைக்குது. கணக்கு 300, பொதுத்திறன் 600. தேறினா எஸ்.எஸ்.பி. நேர்காணல், அஞ்சு நாள், அதுக்கும் 900 மார்க். அப்புறம் மெடிக்கல். இதுல எம்.பி.க்கு எந்த வேலையும் இல்ல.

உண்மையான சுவர் வேற. கணக்குத் தாள் இங்கிலீஷ்லயும் இந்தியிலயும்தான் வரும். தமிழ் மீடியத்துல கணக்குல புலியா இருக்கிற பையன்கூட கேள்வி புரியாம மாட்டிக்குவான். தப்பான விடைக்கு மார்க்கும் குறையும். இது எனக்கு நியாயமாப் படல. ஆனா லெட்டருக்கு அலையிற நேரத்துல, யு.பி.எஸ்.சி. தளத்துல இலவசமா இருக்கிற பழைய வினாத்தாளை எடுத்து, இங்கிலீஷ்லயே போட்டுப் பழகு. தங்கச்சி இருந்தா அவளுக்கும் சொல்லு. 2021-லிருந்து பெண்களும் எழுதுறாங்க.