துருப்பை உருவும் முன் ஒரு கணம்

சீட்டாட்டம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் நம் வீடுகளில் இன்றும் உண்டு. ரம்மி சூதாட்டமா என்ற வழக்கில் 1967ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அதிலுள்ள அதிர்ஷ்டத்தை பிரிட்ஜ் ஆட்டத்தில் சீட்டுப் பங்கிடும்போது அமையும் அதிர்ஷ்டத்தோடு ஒப்பிட்டு, ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்தது என்றது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2018இல், ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றது. ஆடவர் இணையர் பிரிவில் தங்கம் வென்றவர்கள் நம் நாட்டின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். அப்போது பர்தனுக்கு வயது 60, சர்க்காருக்கு 56. ஓய்வூதியக் கணக்கு வைத்திருக்கும் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆட்டம் அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: நால்வர், இரண்டு அணிகள், ஆளுக்குப் பதின்மூன்று சீட்டுகள். நால்வரும் ஒவ்வொரு சீட்டு போட்டால் ஒரு பிடி. எத்தனை பிடி எடுப்போம், எந்த இனம் துருப்பு என்பதை ஏலத்தில் முடிவு செய்கிறோம். ஏலம் எடுத்தவர் டிக்ளேரர். எதிரே அமர்ந்த இணையாளர் தம் சீட்டுகளை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, டம்மியாகப் பேசாமலிருக்க வேண்டும். பேசாமலிருப்பது ஆட்டத்தின் மிகக் கடினமான பகுதி என்பார் நம் இணையாளர்.

வாரந்தோறும் நாம் செல்லும் ஒரு மன்றத்தில், டூப்ளிகேட் முறையில் ஆடிய ஒரு மாலை. ஒரே பங்கீடு எல்லா மேசைகளுக்கும் சுற்றி வரும் முறை இது; தோற்றால் சீட்டைக் குறை சொல்ல வழியில்லை. நான்கு இஸ்பேட் என்பது நம் ஒப்பந்தம். அதாவது இஸ்பேட் துருப்பு, பத்துப் பிடிகள் வேண்டும்.

நம் கை (தெற்கு): இஸ்பேட் ஏஸ், ராஜா, ராணி, 7, 5, ஆட்டின் ஏஸ், 8, 6, 4, 3, டைமன் 6, கிளாவர் 7, 4.

டம்மி (வடக்கு): இஸ்பேட் ஜாக்கி, 10, 3, ஆட்டின் 7, 2, டைமன் ஏஸ், 8, 5, 3, கிளாவர் 9, 6, 5, 2.

மேற்கில் இருந்தவர் டைமன் ராஜாவைப் போட்டார். டம்மியின் ஏஸால் பிடித்தோம். பிரிட்ஜ் கற்பவர் முதல் வாரத்திலேயே கேட்கும் பாடம், எதிரணியின் துருப்பை முதலில் உருவிவிடு என்பது. அப்படியே ஏஸ், ராஜா, ராணி என மூன்று சுற்று ஆடினோம். துருப்பு இருவரிடமும் தீர்ந்தது. மனநிறைவோடு ஆட்டின் ஏஸைப் போட்டு, அடுத்த ஆட்டினை விட்டுக்கொடுத்தோம். எதிரணியினர் இரண்டு கிளாவர் எடுத்துக்கொண்டு டைமன் ஆடினார்கள். அதை வெட்ட நம் துருப்பில் ஒன்று போயிற்று. மறுபடி ஆட்டின் ஆடினோம், மறுபடி டைமன் வந்தது, கடைசித் துருப்பும் போயிற்று. முடிவில் நமக்கு ஏழு பிடிகளே கிடைத்தன. ஒப்பந்தத்தில் மூன்று குறைவு. மற்ற மேசைகளில் இதே கையில் பத்து எடுத்தவர்கள் இருந்தார்கள்.

இணையாளர் நம்மைவிட மூத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த டைமன் ஏஸைத் தொடுவதற்கு முன் எத்தனை பிடி எண்ணினீர்கள்?"

எண்ணியிருக்கவில்லை. அன்றிரவு வீட்டில் சீட்டுகளை விரித்துவைத்து எண்ணினோம். கையில் துருப்பு ஐந்து, ஆட்டின் ஏஸ், டைமன் ஏஸ்: ஏழு. இன்னும் மூன்று வேண்டும். அவை ஆட்டின் இனத்திலிருந்துதான் வர முடியும். ஆனால் அங்கே ஏஸுக்கு அடுத்து நம்மிடம் இருப்பவையெல்லாம் பொடிச் சீட்டுகள். எதிரணியிடம் ஆறு ஆட்டின்கள். அவை 4-2 ஆகப் பிரிவதற்கு நூற்றுக்கு 48 வாய்ப்பு, 3-3 ஆகப் பிரிவதற்கு 36. ஆகவே, நான்கு வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வதே நியாயம். ஆட்டின் நான்கு சுற்று ஆடப்பட்டால்தான் அவரது சீட்டுகள் தீரும், நம் ஐந்தாவது ஆட்டின் பிடியாகும். முதல் சுற்று நம் ஏஸ், இரண்டாவது எதிரிக்கு. மூன்றாவதையும் நான்காவதையும் டம்மியின் துருப்புகள் வெட்ட வேண்டும். இரண்டு வெட்டுகள், ஐந்தாவது ஆட்டின், ஆக மூன்று. ஏழும் மூன்றும் பத்து.

கணக்கு இவ்வளவு துல்லியமாக அமைந்திருக்க, டம்மியின் மூன்று துருப்புகளையும் நாமே முதல் நான்கு பிடிகளுக்குள் செலவழித்துவிட்டோம். ஆட்டின் 3-3 ஆகப் பிரிந்திருந்தால் பிழைத்திருப்போமா என்றும் பார்த்தோம். அப்போதும் எதிரணி இரண்டு ஆட்டின், இரண்டு கிளாவர் எடுத்துவிடும், ஒன்பதோடு நின்றிருப்போம்.

துருப்பை முதலில் உருவும் பாடத்தைப் பொய் என்று சொல்ல மாட்டோம். இரண்டாவது நீள இனம் ஏஸ், ராஜா, ராணி என்று திடமாக இருந்தால் அதுவே சரி; அந்தப் பிடிகளை எதிரி வெட்டிவிடாமல் காப்பது அங்கே முதல் வேலை. இங்கோ இரண்டாவது இனத்தை இனிமேல்தான் வளர்க்க வேண்டும். வளர்ந்த பிறகே துருப்பு உருவும் வேளை.

சரியான ஆட்டம் இப்படிப் போகும். டைமன் ஏஸ், உடனே டம்மியிலிருந்து ஆட்டின் 2, கையில் ஏஸ். அடுத்து ஆட்டின் 3, அதைக் கிழக்கு ராணியால் பிடிக்கிறது. அவர்கள் இரண்டு கிளாவர் எடுத்து மூன்றாவதையும் ஆடுகிறார்கள். இஸ்பேட் 5ஆல் வெட்டுகிறோம். இழந்தவை மூன்று, இனி ஒன்றுகூட இழக்கலாகாது. இப்போது ஆட்டின் 4ஐ ஆடி டம்மியில் வெட்ட வேண்டும். கை தானாக இஸ்பேட் 3ஐ நோக்கிப் போகும். போகக்கூடாது. கிழக்கிடம் இருந்தவை இரண்டே ஆட்டின்கள், துருப்போ 8, 6, 2. மூன்றைப் போட்டால் அவர் அதற்குமேல் வெட்டிவிடுவார். அதுவே நான்காவது இழப்பு. 10ஆல் வெட்டினால் எவராலும் மிஞ்ச முடியாது, ஏனெனில் வெளியே உள்ள மிகப் பெரிய துருப்பு 9. சிக்கனம் பழகிய கைக்கு இது வலிக்கும்; சில்லறையைப் பையில் வைத்துக்கொண்டு பெரிய நோட்டை நீட்டுவது போல. ஆயினும் அந்த 3க்கு வேறு வேலை இருக்கிறது. அதை ஆடி ஏஸால் கைக்குத் திரும்புகிறோம். அடுத்த ஆட்டினை ஜாக்கியால் வெட்டுகிறோம். மேற்கின் நான்காவது ஆட்டின் விழுந்துவிட்டது. டம்மியிலிருந்து ஒரு டைமன், அதை 7ஆல் வெட்டிக் கைக்கு வருகிறோம். ராஜா, ராணி ஆகிய இரண்டும் மிச்சத் துருப்புகளை உருவிவிடும். வெளியே இருந்த ஐந்து துருப்புகள் 3-2 ஆகப் பிரிந்திருந்ததால் இது போதுமானது. அந்தப் பிரிவுக்கு நூற்றுக்கு 68 வாய்ப்பு. பதின்மூன்றாவது பிடியை ஆட்டின் 8 எடுக்கும்.

மறுவாரம் இந்தக் கணக்கைக் காட்டியபோது இணையாளர் தலையசைத்தார். பிறகு, "கிழக்கு கிளாவரை விட்டுவிட்டுத் துருப்பைத் திருப்பி ஆடியிருந்தால்?" என்றார். டம்மியின் 3 அப்போதே போய்விடும் என்பதால் கைக்குத் திரும்ப வேறு வழி வேண்டும். ஏஸால் பிடித்து, ஆட்டினை 10ஆல் வெட்டி, டைமனை 5ஆல் வெட்டிக் கைக்கு வந்து, அடுத்த ஆட்டினை ஜாக்கியால் வெட்டி, மறுபடி டைமன் ஆட வேண்டும். அதற்குள் கிழக்கு தன் டைமன்களைக் கழித்துவிட்டு 8ஆல் வெட்டினால் நாம் ராணியைப் போடுவோம். ராஜா மிச்சத் துருப்பை உருவும், 7 தானே ஒரு பிடியாகும். கடைசி இரண்டு கிளாவரை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் பத்து. மேசையில் சீட்டுகளை அடுக்கி இருமுறை சரிபார்த்த பிறகுதான் பெரியவர் தேநீருக்குச் சொன்னார்.